டூவீலர் பார்ட்ஸ் பண்ற யூனிட், உத்யம்ல (சிறுதொழில் பதிவு) எந்த என்ஐசி கோடு (தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்) போடணும்?

ஓசூர்_டர்னிங்:
எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல சின்ன யூனிட் வெச்சிருக்கேன், சிஎன்சி டர்னிங்கும் (கம்ப்யூட்டர் கடைசல்) ஒரு விஎம்சி மில்லிங் மெஷினும் ஓடுது. டூவீலர் கம்பெனிக்கு சப்ளை பண்ற ஒரு வெண்டருக்கு ஆக்ஸில் ஸ்பேசர், பிரேக் கேம் இந்த மாதிரி ஐட்டம் பண்ணித் தர்றோம், சிலதுக்கு மெட்டீரியல் அவங்களே டிசி (டெலிவரி சலான்) போட்டு அனுப்பிருவாங்க, மெஷினிங் மட்டும் நம்மளோடது, மீதிக்கு ராடு நாங்களே வாங்கிப் பண்றோம். உத்யம் எடுக்கறப்போ பிரௌசிங் சென்டர்ல 4530-ன்னு போட்டுக் குடுத்துட்டாங்க, ஸ்பேர் பார்ட்ஸ்னு இருந்துச்சு, சரின்னு விட்டாச்சு. இப்ப பேமென்ட் மாசக்கணக்கா நிக்குது, சின்ன யூனிட்டுக்கு 45 நாள்ல காசு குடுக்கணும்ங்கற ரூல் இருக்கேன்னு வெண்டர்கிட்ட கேட்டா "உங்க சர்டிபிகேட்ல டிரேடிங்னு இருக்கு, உங்களுக்கு அது வராது"ங்கறாங்க. இது உண்மையா? மாத்தணும்னா 29-ல ஆரம்பிக்கிற கோடுல வருமா 30-லயா? பக்கத்து ஷெட்ல மச்சான் டிராக்டர் டிரைலர் வெல்டிங் பண்றாரு, அதையும் இதே பேர்ல சேக்கலாமான்னு ஒரு யோசனை, அதுக்கு என்ன கோடு?

கணக்குப்பிள்ளை_சேலம்:
அவங்க சொல்றது துரதிர்ஷ்டவசமா சரிதான் சார். 4530-ங்கறது வண்டி உதிரிபாகம் விக்கிறவங்களுக்கான கோடு, தயாரிக்கிறவங்களுக்கு இல்ல. 45, 46, 47-ல ஆரம்பிக்கிற மொத்த, சில்லறை வியாபாரத்தை 2021 ஜூலைல உத்யமுக்குள்ள விட்டாங்க, ஆனா பேங்க்ல பிரையாரிட்டி செக்டார் (முன்னுரிமைத் துறை) லோன் கிடைக்கறதுக்கு மட்டும்தான்னு அந்த ஆர்டர்லயே எழுதிட்டாங்க. அதனால எம்எஸ்எம்இ சட்டத்தோட 15-வது பிரிவு (அக்ரிமென்ட் எழுதியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாள், எழுதலைன்னா 15 நாள்), லேட் ஆனா ரிசர்வ் பேங்கோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, அதெல்லாம் டிரேடருக்குக் கிடைக்கறதில்ல. வாங்கறவங்க உங்களுக்குக் காசு குடுத்தாதான் செலவுல கழிக்க முடியும்ங்கற வருமான வரி விதியும் (1961 சட்டத்துல 43பி(எச்)) மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்குத்தான், அதுலயும் டிரேடர் வர மாட்டாங்க. அவங்க ஆடிட்டர் உங்க சர்டிபிகேட்டை உத்துப் பாக்கறதே இதுக்காகத்தான். நீங்க நிஜமாவே தயாரிக்கிறவர், பேப்பர்ல வியாபாரின்னு நிக்கறீங்க, மொதல்ல அதை மாத்துங்க. கவர்மென்ட் போர்ட்டல்லயே உங்க உத்யம் நம்பரும் ஓடிபியும் போட்டு அப்டேட் பண்ணலாம், பைசா கிடையாது, காசு கேக்கற சைட் எதுலயும் போயிராதீங்க. கோடு மட்டும் மாத்தினா பத்தாது, மேஜர் ஆக்டிவிட்டிங்கற இடத்துல மேனுஃபாக்சரிங் இருக்கான்னும் பாருங்க. பழைய பில்லுக்கும் இந்த மாத்தம் செல்லும்னு மட்டும் நம்பிராதீங்க, அதுக்கு வக்கீல்கிட்ட தனியா பேசணும்.

பீளமேடு_லேத்:
ப்ரோ, மெட்டீரியல் அவங்களோடது, நீங்க மெஷினிங் மட்டும்னா 2592 போட்டுருங்க. மெட்டல் மெஷினிங், கோட்டிங் எல்லாம் அதுலதான் வருது, இங்க கோயமுத்தூர்ல ஜாப் வொர்க் பண்ற பாதிப்பேர் அதைத்தான் வெச்சிருக்கோம்.

புள்ளிவிவர_ரிட்டயர்டு:
தம்பி, லேத்காரர் சொன்னது பொதுவான ஜாப் வொர்க்குக்கு சரி, இன்னைக்கு பம்ப் ஷாஃப்ட், நாளைக்கு டெக்ஸ்டைல் மெஷின் பார்ட்னு வர்றதையெல்லாம் கடைஞ்சு குடுக்கற ஷாப்புக்கு 2592-தான். ஆனா உங்க ஷெட்டை விட்டு வெளிய போறது இன்ன வண்டியோட இன்ன பார்ட்னு சொல்ற நிலையில இருந்தா, அது மெட்டீரியல் யாரோடதா இருந்தாலும் அந்தப் பார்ட்டோட கோடுலதான் வரும், காண்ட்ராக்ட்ல பண்ணாலும் சொந்தமா பண்ணாலும் ஒரே வகைங்கறதுதான் இந்த வகைப்பாட்டோட விதி.

இப்ப 29-ஆ 30-ஆ. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிறையப் பேர் ஆட்டோமொபைல்னாலே 29-னு போட்டுர்றாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா அப்புறம் சர்வே எடுக்கறப்ப டூவீலர் தொழில் எவ்வளவு பெரிசுன்னே தப்பாத் தெரியும். 29-ங்கறது கார், லாரி, பஸ், அதோட பாடி, அதோட பார்ட்ஸ். டூவீலர் 30-ல இருக்கு, கப்பல், ரயில் பெட்டி, விமானம், ராணுவ சண்டை வண்டி எல்லாம் முடிஞ்சு கடைசில 309-ல. அதுல 30911 பைக் ஸ்கூட்டர், 30912 த்ரீவீலர், 30913 இந்த ரெண்டோட உதிரிபாகம். உங்களுக்கு 30913. இதே ஸ்பேசரை கார் கம்பெனிக்குப் பண்ணியிருந்தா 2930-க்குப் போயிருக்கும். 3092 சைக்கிளும் மாற்றுத்திறனாளி வண்டியும், மாட்டு வண்டி தள்ளுவண்டி 3099.

வண்டில மாட்டறதெல்லாம் வண்டிப் பார்ட் இல்ல, அதையும் சொல்லிடறேன். டயர் 2211, பேட்டரி 2720, பேரிங் 2814. பிஸ்டன், பிஸ்டன் ரிங், வால்வு பண்றவங்க, அது எந்த வண்டி இன்ஜினுக்குப் போனாலும் 2811.

மச்சானோட டிரைலர் விஷயம் கொஞ்சம் சிக்கல். லாரி டிரைலர்னா 2920, கரூர்ல பஸ் பாடி கட்டறவங்களும் அந்த 2920-தான். ஆனா விவசாயத்துக்குன்னே செய்யற டிரைலர் அங்க வராது, விவசாய இயந்திரத்தோட சேர்த்து 2821, டிராக்டரே 2821-தான். இதுல ஜிஎஸ்டிகாரங்க எச்எஸ்என்-ஐ (வரிக்கான பொருள் கோடு) பார்த்து குழம்பிராதீங்க, அங்க டிராக்டர் 8701, டிரைலர் 8716, எல்லாம் 87-வது அத்தியாயத்துலயே இருக்கும், உங்க டூவீலர் பார்ட் 8714. ரெண்டும் வேற வேற கணக்கு, அதை வெச்சு இதைத் தேடக் கூடாது. பழைய பேப்பர்ல 34, 35-னு பாத்தீங்கன்னா அது 2004-ஓட என்ஐசி லிஸ்ட், நான் சொன்னது 2008-ஓடது.

ஓசூர்_டர்னிங்:
ரொம்ப நன்றி ஐயா, சேலம் சாருக்கும். எங்க ஐட்டம் எல்லாம் அவங்க டிராயிங் நம்பர் போட்டுத்தான் வரும், ஸ்பேசர் பிளேட்டிங் போயிட்டு நேரா அசெம்பிளிக்குப் போயிருது, வேற தொழிலுக்கு மெஷினிங் பண்றது ரொம்பக் கம்மி. அப்ப 30913 மெயின், 2592 ரெண்டாவதுன்னு போடறேன், சரிதானே? மச்சானுக்குத் தனி உத்யம் எடுக்கணுமா?

கணக்குப்பிள்ளை_சேலம்:
சரிதான், எதுல வருமானம் அதிகமோ அது மொதல்ல வரட்டும். மச்சானோடது அவர் பான்ல நடக்குதுன்னா அவருக்குத் தனி உத்யம். உங்க பேருக்குக் கொண்டு வந்தா தனியா எடுக்க முடியாது, ஒரு தொழிலுக்கு ஒரு பதிவுதான், 2821-ஐயும் அந்த ஷெட் அட்ரஸையும் உங்களோடதுலயே சேக்கணும். அப்ப ரெண்டு ஷெட் மெஷினும் டர்ன்ஓவரும் ஒண்ணாக் கூட்டி வரும், 2025 ஏப்ரல்ல இருந்து மைக்ரோ லிமிட் முதலீடு 2.5 கோடி, டர்ன்ஓவர் 10 கோடி, நீங்க அதுக்குள்ளதான் இருப்பீங்கன்னு நெனைக்கறேன். அப்டேட் ஆனதும் புது சர்டிபிகேட்டை வெண்டருக்கு மெயில்ல அனுப்பி, அடுத்த பில்லுல இருந்து உத்யம் நம்பரை அச்சடிச்சிருங்க. கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்துலயும் ஒரு தடவை போய்ப் பாருங்க, மூலதன மானியத்துக்கான சிறப்புத் தொழில் பட்டியல்ல ஆட்டோ உதிரிபாகம் இருக்கு, 4530 இருந்தவரைக்கும் உங்களை அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டாங்க.