ஆற்றுவழி கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்: யார் பொறுப்பு?

ஜார்ஜ்டவுன் அப்பா:
மகள் ஐந்தாம் படிவம். பள்ளிச் சொற்போருக்கு 2021இல் வந்த ஓர் ஆய்வை எடுத்து வைத்திருக்கிறாள். ஆறுகள் வழியாகக் கடலுக்குப் பிளாஸ்டிக் விடுவதில் பிலிப்பைன்ஸ், இந்தியாவுக்கு அடுத்து மலேசியாவாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 73,000 டன். "அப்ப நாமதானேப்பா குற்றவாளி?" என்கிறாள். மழை விட்டதும் நம் ஊர் சுங்கை பினாங்கு ஆற்றைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஜெலுத்தோங் அக்கா:
பிள்ளை சொல்வது சரிதானே தம்பி. 2009இலேயே பினாங்கில் இலவசப் பையை நிறுத்த ஆரம்பித்தார்கள். இன்னமும் காசைக் கொடுத்துப் பை வாங்கிக் கால்வாயில் போடுகிறோம்.

பட்டர்வொர்த் லாரிக்காரர்:
அக்கா, கால்வாயில் போடுவது தப்புதான். ஆனால் பழியை அங்கேயே முடித்துவிடாதீர்கள். நான் துறைமுகத்தில் கண்டெய்னர் இழுத்தவன். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவைச் சாத்தியதும் அந்தச் சரக்கெல்லாம் நம் பக்கம் திரும்பியது. ஒரு தடவை கதவைத் திறந்தபோது பார்த்தேன்: கட்டுக் கட்டாக அமுக்கிய பால் புட்டி, இறைச்சி உறை, லேபிளில் ஐரோப்பிய விலை. உள்ளே புளித்த நாற்றம். இங்கே ஆலைகளில் நல்லதை உருக்குவார்கள், மிச்சத்தை ராத்திரியில் எரிப்பார்கள், இல்லையென்றால் குவித்துவிட்டுப் போவார்கள். சிலாங்கூரில் ஜெஞ்சாரோம் ஊர் மக்கள் அந்தப் புகையை எதிர்த்துப் போராடியது நினைவிருக்கும். 2020 ஜனவரியில் அரசு கணக்குச் சொன்னது: 13 நாடுகளுக்கு 150 கண்டெய்னர் திருப்பி அனுப்பியாயிற்று, பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42. அந்த ஊர்களின் ஏட்டில் இதெல்லாம் 'மறுசுழற்சி' என்றுதான் பதிவாகியிருக்கும்!

தம்பி, மகளை ஒருநாள் பழைய சாமான் கடைக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீர் போத்தலை எடைபோட்டுக் காசு தருவார். தே ஐஸ் தாப்பாவ் பண்ணின பையையும் ஷாம்பு பாக்கெட்டையும் நீட்டினால் வேண்டாம் என்பார். காசு பெறாத பொருள்தான் ஆற்றுக்குப் போகிறது. அதைக் கோடிக்கணக்கில் அடித்து விற்கிற கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தாதவரை, பாலத்தில் நின்று குப்பை வீசுகிறவனை மட்டும் பிடித்து என்ன பயன்?

ஜார்ஜ்டவுன் அப்பா:
அண்ணே, அப்படிச் சொன்னால் எதிரணி "வெளிநாட்டுக் குப்பையை உள்ளே விட்டது யார்?" என்று கேட்குமே.

பட்டர்வொர்த் லாரிக்காரர்:
கேட்கட்டும், நியாயமான கேள்வி. லைசென்ஸ் இல்லாமல் ஆலை நடத்தியதும் கண்டுகொள்ளாமல் விட்டதும் நம் ஆட்கள்தான். அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்துவது பாசல் ஒப்பந்தம். 2025 ஜூலை 1 முதல் அதில் சேராத நாட்டிலிருந்து மலேசியாவில் பிளாஸ்டிக் கழிவு இறக்கத் தடை; அமெரிக்கா இன்னும் அதில் சேரவில்லை. இதையும் குறித்துக்கொள்ளட்டும்.