சர்வதேச நீர் சங்கத்தின் கணக்கு நம் ஊர்க் குழாய்க்குப் பொருந்துமா?

கடைமடை
நகராட்சி குடிநீர்ப் பிரிவில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஐ.டபிள்யூ.ஏ. எனப்படும் சர்வதேச நீர் சங்கத்தில் சேரலாமா என்று யோசனை. சந்தா என் கைக்காசு. லண்டனில் இருக்கும் சங்கத்தால் இங்கே வால்வு திருப்புகிறவனுக்கு என்ன பிரயோஜனம்?

பழைய மீட்டர்
சேருங்கள் தம்பி. நான் வேலைக்கு வந்த காலத்தில் 'கணக்கில் வராத நீர்' என்று ஒரே ஒரு எண்தான். அதில் கசிவு எவ்வளவு, திருட்டு எவ்வளவு, ஓடாத மீட்டர் எவ்வளவு என்று யாரும் பிரித்ததில்லை. நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு. 1999ல் இரண்டு பழைய அமைப்புகள் சேர்ந்து இந்தச் சங்கம் ஆனது. 2000ல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீர்க்கணக்கு அட்டவணை போட்டார்கள். உள்ளே விட்டது, பில் போட்டது, பில் போடாமல் கொடுத்தது, திருட்டும் மீட்டர் பிழையும், கடைசியில் மண்ணுக்குள் போனது. 'வருவாய் ஈட்டாத நீர்' என்ற பேச்சே அங்கிருந்துதான் பரவியது. 2008ல் மத்திய அரசு வெளியிட்ட சேவை அளவுகோலிலும் அதே சொல்தான். 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள்.

ஒற்றை வால்வு
சார், அட்டவணை அழகுதான். அவர்களுடைய இன்னொரு சூத்திரத்தைப் பாருங்கள். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் கசிந்தே தீரும் அளவு என்று ஒன்று. குழாய் நீளத்தை (கி.மீ.) 18ஆல் பெருக்கு, இணைப்பு எண்ணிக்கையை 0.8ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி அழுத்தத்தால் (தண்ணீர் எத்தனை மீட்டர் உயரம் ஏறும் என்ற கணக்கில்) பெருக்கு. தண்ணீர் மீட்டர் வீட்டு எல்லையிலேயே இருந்தால் அவ்வளவுதான். 100 கி.மீ. குழாய், 10,000 இணைப்பு, 25 மீட்டர் அழுத்தம் என்றால் ஒரு நாளைக்கு 2,45,000 லிட்டர்.

எங்கள் ஊரில் அழுத்தம் 5 மீட்டர்தான். அதுவும் ஒன்று விட்டு ஒரு நாள், இரண்டு மணி நேரம். தண்ணீர் வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் குழாய் காலி; அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வரும். சூத்திரம் போட்டவர்களே 25 மீட்டருக்குக் கீழே இதை நீட்ட வேண்டாம் என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள். 24 மணி நேரமும் தண்ணீர் வரும் ஊர்க்காரன் தைத்த சட்டை இது, நமக்கு எப்படிச் சேரும்?

பழைய மீட்டர்
எல்லை எங்கே என்று அவர்களே சொல்லிவிட்டார்களே, அதுவும் சங்கத்தின் வேலைதான். கம்போடியத் தலைநகர் நொம்பென் பாருங்கள்: 1993ல் 72 சதவீத நீர் வருவாய் ஈட்டவில்லை, அப்புறம் 6 சதவீதம் வரை இறக்கினார்கள்.

ஒற்றை வால்வு
1993ல் உங்கள் சங்கமே பிறக்கவில்லை சார் :) அங்கே வேலை செய்தது மீட்டர், பெரிய மனிதர் வீட்டிலும் பில் வசூலித்த ஒரு தலைமை. அந்த ஊர்க் குடிநீர் நிறுவனத் தலைவர் எக் சோன் சான் மகசேசே விருது வாங்கியது அதற்காகத்தான்.

பழைய மீட்டர்
சரி, அந்த உதாரணம் எனக்கு எதிராகவே திரும்பிவிட்டது. ஆனால் குடிநீர்ப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2009ல் போட்ட கையேடு? சாக்கடை எங்கே உள்ளே நுழையும் என்று கிணற்றிலிருந்து குழாயடி வரை படிப்படியாகத் தேடச் சொல்வது அதுதானே. உங்கள் இரண்டு மணி நேர ஊருக்குத்தான் அது முதலில் வேண்டும்.

கடைமடை
அட்டவணையின் முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். உள்ளே விட்ட நீர் எவ்வளவு? பம்ப் ஹவுஸ் மீட்டர் ஓடி வருஷக்கணக்காகிறது. பம்ப் ஓடிய மணியை அதன் தகட்டில் பொறித்த அளவால் பெருக்கி லாக் புக்கில் எழுதுகிறோம். அந்தப் பம்புக்கு வயது பதினாலு.

ஒற்றை வால்வு
இதைத்தான் சொன்னேன். மேல்நிலைத் தொட்டியின் வெளிவால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் பம்ப் ஓட விடுங்கள், மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று டேப்பால் அளங்கள். சந்தா வேண்டாம்.

கடைமடை (நான்கு நாள் கழித்து)
அளந்தேன். தொட்டி விட்டம் 12 மீட்டர். 80 செ.மீ. ஏறியது. அதாவது 90,000 லிட்டர் சொச்சம். லாக் புக்கில் மணிக்கு 1,20,000 எழுதியிருக்கிறோம். இத்தனை நாளும் ஊருக்குள் கசிந்தது என்று நாங்கள் தேடிய தண்ணீரில் மணிக்கு 30,000 லிட்டர் தொட்டிக்கே வரவில்லை. பம்ப் தேய்ந்துவிட்டது போல.

பழைய மீட்டர்
பம்புதான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? பம்புக்கும் தொட்டிக்கும் நடுவில் கசிந்தால்? அட்டவணையில் பிரதான குழாய்க் கசிவுக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. லைன் நடந்து பார்த்தீர்களா?

கடைமடை
இல்லை சார். மூன்று கிலோமீட்டர், பாதி கருவேலங்காடு. நாளைக் காலை லைன்மேனோடு போகிறேன்.