வாலிபர்களுக்கு மாதக் கூட்டமா, வாரக் குழுவா?

பொருநைக்கரை:
சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலைக்கு வந்து பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை வாலிபர் கூட்டம் வைத்தால் போதும் என்று பல கிறிஸ்தவ சபைகள் நினைக்கின்றன. லைட், எல்.ஈ.டி. திரை, வாடகை சவுண்ட் என்று பணம் முழுக்க அதற்கே கரைகிறது. அதை நிறுத்திவிட்டு வீடுகளில் எட்டுப் பேராகக் கூடும் வாரக் குழுக்களுக்கு மாறவேண்டும் என்பது என் கட்சி. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைத் தொடங்கியபோது கூடியவர்கள் 12 பேர்தான். அவர்களும் பிழைக்க வந்து, ஜவுளிக்கடைகளில் வேலை பார்த்த வாலிபர்களே.

மார்த்தாள்:
ஏற்கமாட்டேன் பிரதர். ஊரிலிருந்து நேற்று பஸ் ஏறி வந்த பெண் முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போவாளா? 150 பேர் நடுவே பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றால்தான் வருவாள். கூட்டம் தோற்பது லைட்டால் அல்ல, மறுநாள் யாரும் கூப்பிடாததால்.

செய்யவேண்டியது இது. வாசலில் தரும் சீட்டில் மூன்றே கேள்வி: பெயர், வாட்ஸ்அப் எண், தங்கியிருக்கும் ஏரியா. சொந்த ஊரையும் ஊர்ச் சபையையும் கேட்கவே கேட்காதீர்கள். தெற்கத்திப் பிள்ளைகளுக்கு அது சாதியைக் கேட்பதாகவே படும். அடுத்த மாதம் வரமாட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் ஒருவர் பேசவேண்டும், பெண்களிடம் பெண்கள்தான். பி.ஜி. கேட்டைப் பத்து மணிக்குப் பூட்டினால் 8.30-க்கே ஆசீர்வாதம் சொல்லி முடிக்கவேண்டும். வேதத்தில் பவுல் நடுராத்திரிவரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே! நைட் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைக்கு 25 நிமிடப் பிரசங்கம் போதும்.

பொருநைக்கரை:
சீட்டைப் பற்றி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கூப்பிட்ட பிறகு எங்கே வரச் சொல்வீர்கள்? அடுத்த மாதக் கூட்டத்துக்கா? அதற்குள் நான்கு ஞாயிறு தூங்கியே கழிந்துவிடும்.

வாரக் குழுவுக்கு 75 நிமிடம் போதும். கிட்டாரோடு இரண்டு பாட்டு, ஒரு அதிகாரம் வாசிப்பு, கேள்விகள், ஜெபம். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம், 16 வாரத்தில் முடியும். கூட வரும் இந்து, முஸ்லிம் நண்பர்களிடம் இது வேதவாசிப்பு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பர்த்டே பார்ட்டி என்று அழைத்து வந்து பிரசங்கம் செய்வது வஞ்சகம்.

ஆலமரத்தடி:
வாரக் குழு எங்கே உடைகிறது என்று இருவருமே சொல்லவில்லை. நடத்துகிறவருக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்தால் குழு அன்றே கலையும்; ஆகவே தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர் மாறிமாறி நடத்தவேண்டும். 12 பேரைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், பத்துப் பேர் கேட்பார்கள், அப்போது பிரித்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்து, எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லும் ஜெபக்குறிப்புதான். காதல், கடன், மன அழுத்தம் என்று ஒரு பிள்ளை மனம்விட்டுச் சொன்னது வாட்ஸ்அப்பில் ஏறி, ஊர்ச் சபை ஐயர் (போதகர்) காதுக்கும் அப்பா காதுக்கும் போனால் அந்தப் பிள்ளை இனி எந்தச் சபை வாசலையும் மிதிக்காது. குறிப்பை எழுதவே வேண்டாம், வாயால் சொல்லி அங்கேயே ஜெபித்து முடியுங்கள். தூக்கமில்லை, சாகத் தோன்றுகிறது என்று சொன்னால் மட்டும் ஜெபத்தோடு நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மார்த்தாள்:
இதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. அப்படியானால் கூட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒன்றாக்கலாம், மிச்சப் பணம் குழுக்களின் சாப்பாட்டுக்குப் போகட்டும். அடியோடு நிறுத்த மட்டும் சம்மதிக்கமாட்டேன். அந்தப் பின்வரிசை இருக்கவேண்டும்.