யாரும் ஏற்காத இரண்டு நாடுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டால்?

தபால்தலை ஆறுமுகம்
போன வாரம் இங்கே ஒரு நண்பர், குறுநாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் பொம்மைக் கல்யாணம் என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதனால்தான் இந்தத் தனி இழை. குறுநாடு என்று நான் சொல்வது மொனாக்கோ, நவ்ரு போன்ற சின்ன நாடுகளை அல்ல. தங்களைத் தாங்களே நாடு என்று அறிவித்துக்கொண்ட, எந்த அரசும் ஏற்காத மைக்ரோநேஷன்களைச் சொல்கிறேன்.

தலோசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1979 டிசம்பரில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுப் பையன் தன் படுக்கையறையைத் தனி நாடாக அறிவித்தான். அதற்கென்று ஒரு மொழியையே உருவாக்கினான். இணையம் வந்த பிறகு முன்பின் பார்த்திராதவர்கள்கூடக் குடிமக்களாகச் சேர்ந்தார்கள். 2004ல் மன்னராக இருந்த மேடிசனோடு ஒத்துப்போகாத ஒரு பிரிவு வெளியேறி, தலோசா குடியரசு என்று தனி நாடு கண்டது. மறு வருடம் மன்னரே முடி துறந்தார். ஆனாலும் பிளவு தீரவில்லை. 2012ல்தான் முடியரசும் குடியரசும் மறுபடி ஒன்றாயின. போலீஸ் இல்லை, மேலிருந்து அழுத்தம் கொடுக்க யாரும் இல்லை. எட்டு வருடக் கசப்பைப் பேசியே தீர்த்திருக்கிறார்கள். இதை ராஜதந்திரம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

வக்கீல் குணா
ஆறுமுகம் சார், ஒரு சங்கம் இரண்டாக உடைந்து எட்டு வருடம் கழித்துச் சேர்ந்தது என்று சொல்வேன். நல்ல விஷயம்தான். ஆனால் தூதரக உறவு என்ற சொல்லுக்கு ஓர் எடை இருக்கிறது.

1933 மொன்டெவிடியோ உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். நான்காவதைக் கவனியுங்கள். 'மற்ற நாடுகளோடு'. நாடு அல்லாத ஒன்று நாடு அல்லாத இன்னொன்றை ஏற்றுக்கொண்டால் பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டியதுபோல்தான். 1968ல் இத்தாலியின் ரிமினி கடற்கரைக்கு அப்பால் ஒரு மேடையைக் கட்டி ரோஸ் தீவுக் குடியரசு என்று அறிவித்தார்களே, மறு வருடமே இத்தாலி அதை வெடி வைத்துத் தகர்த்தது. வேறு எத்தனை குறுநாடுகள் அதை ஏற்றிருந்தாலும் அந்த வெடி நின்றிருக்குமா?

கடல்மணி
குணா அண்ணா, சீலாந்தை விட்டுவிட்டீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை சஃபோக் கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளிக் கட்டிய கோபுரம் அது. 1967ல் ராய் பேட்ஸ் அதைக் கைப்பற்றி நாடு என்று அறிவித்தார். மறு வருடம் துப்பாக்கிச் சூட்டு வழக்கு ஒன்று வந்தபோது, அந்த இடம் பிரிட்டனின் அன்றைய மூன்று மைல் கடல் எல்லைக்கு வெளியே இருப்பதால் தனக்கு அதிகாரம் இல்லை என்று இங்கிலாந்து நீதிமன்றமே சொன்னது.

1978 ஆகஸ்டில்தான் பெரிய சம்பவம். சீலாந்தின் பிரதமர் என்று சொல்லிக்கொண்ட அலெக்ஸாண்டர் ஆகன்பாக் கூலிப்படையை அனுப்பிக் கோபுரத்தைப் பிடித்தார். பேட்ஸின் மகன் மைக்கேல் பிணைக்கைதி ஆனார். பேட்ஸ் ஹெலிகாப்டரில் போய் மீட்டார். சிக்கியவர்களில் சீலாந்து பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரு ஜெர்மன் வழக்கறிஞர்மீது தேசத்துரோகக் குற்றம் சுமத்திப் பிடித்து வைத்தார்கள். மேற்கு ஜெர்மனி பிரிட்டனிடம் முறையிட்டது. பிரிட்டனோ பழைய தீர்ப்பைக் காட்டிக் கையை விரித்தது. கடைசியில் லண்டன் தூதரகத்திலிருந்து ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரியே கோபுரத்துக்கு நேரில் போய்ப் பேசினார். அந்த மனிதர் விடுதலையானார். அப்புறம் ஆகன்பாக் ஜெர்மனியில் ஒரு நாடுகடந்த சீலாந்து அரசாங்கத்தை நடத்தினார். ஆக ஒரே கோபுரத்துக்கு இரண்டு அரசுகள். இதைச் சங்கத் தகராறு என்று ஒதுக்க முடியுமா?

வக்கீல் குணா
தம்பி, அதே 1978 மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நிர்வாக நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நிலம் என்றால் பூமியின் இயற்கையான பகுதியாக இருக்க வேண்டும், மனிதர் கட்டிய மேடை நாடாகாது என்றது. அந்தத் தீர்ப்பு வந்து சில மாதங்களில்தான் அந்தத் தூதரக அதிகாரி போகிறார். தன் குடிமகனை மீட்கப் போனார். கடத்தல்காரனோடு பேசினாலும் அரசு பேசத்தான் செய்யும். பேசியதாலேயே அவனை ஏற்றுக்கொண்டதாக ஆகுமா? 1987ல் பிரிட்டன் தன் கடல் எல்லையை 12 கடல் மைலாக நீட்டியது. கோபுரம் அதற்குள் வந்துவிட்டது.

தபால்தலை ஆறுமுகம்
நீங்கள் காட்டிய அதே உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவையும் படிக்க வேண்டும் குணா. ஒரு நாட்டின் அரசியல் இருப்பு மற்றவர்கள் ஏற்பதைச் சார்ந்ததல்ல என்கிறது. ஏற்பது என்ற செயல் நாடு உருவாவதற்குள் இல்லை, வெளியே இருக்கிறது. அப்படியானால் ஐ.நா. உறுப்பினர்கள் ஏற்றால் மட்டும் மதிப்பு, தலோசா ஏற்றால் மதிப்பில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

வக்கீல் குணா
மூன்றாவது பிரிவு முதல் பிரிவின் தகுதிகளைப் பெற்ற பிறகு பேசுவது. முதல் படியில் கால் வைக்காதவருக்கு அது பொருந்தாது. உங்களிடமே கேட்கிறேன். ஆஸ்திரேலியாவில் இருந்த ஹட் ரிவர் என்ற குறுநாட்டின் தபால்தலை வைத்திருப்பதாக முன்பு ஒருமுறை சொன்னீர்களே, அதை ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்?

மலர்விழி
நீங்கள் இருவரும் சட்டத்திலேயே நிற்கிறீர்கள். ஏமாறுகிறவர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே.

ஸ்வீடனில் ஓவியர் லார்ஸ் வில்க்ஸ் 1996ல் அறிவித்த லடோனியா ஒரு கலைத் திட்டம். ஆனால் 2002 வாக்கில் ஆயிரக்கணக்கான பாகிஸ்தானியர்கள் அதை உண்மையான நாடு என்று நம்பிக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். போய் வாழலாம் என்று நினைத்தார்கள். சீலாந்து பெயரில் போலி பாஸ்போர்ட்கள் உலகெங்கும் விற்கப்பட்டதால், 1997ல் சீலாந்தே தான் கொடுத்த பாஸ்போர்ட்களை எல்லாம் ரத்து செய்தது. நமக்குத் தெரிந்த கைலாசாவைப் பாருங்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நெவார்க் நகரம் அதோடு சகோதர நகர ஒப்பந்தம் போட்டு, சில நாட்களிலேயே ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் பராகுவேயில் ஓர் அதிகாரி கைலாசாவோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதால் பதவியை இழந்தார். கொடியும் முத்திரையும் கையெழுத்தும் சேர்ந்தால் மெத்தப் படித்த அதிகாரியே நம்பிவிடுகிறார். வேலை தேடி அலைகிற ஒருவர் நம்பமாட்டாரா? குறுநாடுகள் ஒன்றுக்கொன்று தூதர்களை அனுப்பி, கைகுலுக்கிப் படம் எடுத்துப் போடும்போது அந்த நம்பிக்கை இன்னும் கூடுகிறது. என் பயம் அதுதான்.

தபால்தலை ஆறுமுகம்
மலர்விழி சொன்னதை மறுக்கமாட்டேன். லடோனியா விஷயம் எனக்கும் வலித்தது. பாஸ்போர்ட் விற்பதும், உண்மையான அரசுகளின் கையெழுத்தை வாங்கி விளம்பரம் செய்வதும் தவறு. ஆனால் அவை வெளியே இருப்பவர்களைப் பார்த்துச் செய்பவை. நான் சொல்வது உள்ளுக்குள் நடப்பதை. 2015ல் அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள மொலோசியா என்ற குறுநாடு முன்னின்று, கலிபோர்னியாவின் அனஹைமில் மைக்ரோகான் என்ற குறுநாடுகள் மாநாட்டை நடத்தியது. ஒருவரையொருவர் மன்னர் என்றும் அதிபர் என்றும் அழைத்து, முகம் பார்த்துப் பேசினார்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இன்னொன்று. அண்டார்டிகாவின் மேரி பேர்ட் நிலத்தை எந்த நாடும் உரிமை கோரவில்லை. 1959 அண்டார்டிக் ஒப்பந்தம் அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும் என்று வாதிட்டு 2001ல் அமெரிக்கர் ஒருவர் அங்கே வெஸ்டார்க்டிகா என்ற குறுநாட்டை அறிவித்தார். 2008ல் பெல்ஜியத்திலிருந்து ஃபிளாண்ட்ரென்சிஸ் என்ற இன்னொரு குறுநாடு வந்து அந்தக் கரையோரத் தீவுகளை உரிமை கோரியது. அந்தத் தீவுகளுக்கு மனிதர் யாரும் போகக் கூடாது என்பதற்காகத்தான் கோருகிறோம் என்கிறது அது. வெஸ்டார்க்டிகாவும் இன்று பருவநிலை பற்றிப் பேசும் லாப நோக்கமற்ற அமைப்பு. நிலத்துக்காக அடித்துக்கொள்ளும் உலகத்தில் இப்படியும் உரிமை கோரலாம் என்று காட்டுகிறார்கள்.

வக்கீல் குணா
அண்டார்டிகா வாதத்தில் எனக்கு மரியாதை உண்டு. தலோசாவில் ஒரு படி இறங்கியும் வருகிறேன். 2012ல் அவர்கள் செய்துகொண்டது அந்த மனிதர்களைக் கட்டுப்படுத்தும், வாக்குக் கொடுத்தவர்கள் காப்பாற்ற வேண்டும். அது ஒப்பந்தம்தான். நாடுகளுக்கிடையே ஆன உடன்படிக்கை அல்ல, அவ்வளவுதான். ஆல்பக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தபால்தலை ஆறுமுகம்
சொல்கிறேன். ஹட் ரிவர், கோதுமை ஒதுக்கீட்டுத் தகராறில் லெனார்ட் கேஸ்லி 1970ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் அறிவித்தது. 75 சதுர கிலோமீட்டர். ஒரு கட்டத்தில் ஆஸ்திரேலியத் தபால் துறை அதன் கடிதங்களை எடுக்க மறுத்ததால் கனடா வழியாக அனுப்பினார்கள். கேஸ்லி 2019ல் இறந்தார். வரிக் கடன் தலைக்கு மேல் ஏறி, 2020 ஆகஸ்டில் அந்த நாடே கலைக்கப்பட்டது. முதலில் அந்தத் தபால்தலைகளை ஆஸ்திரேலியா பக்கத்தின் ஓரத்தில்தான் ஒட்டியிருந்தேன். கலைந்த செய்தி வந்த அன்று இரவு எடுத்து, அதற்கென்று தனிப் பக்கம் போட்டேன். அடுத்த பக்கம் சீலாந்து.