பொருள்: எல்க் வேட்டைக் 'கால்' – தமிழில் எப்படி? திங்களுக்குள் வேண்டும்

சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அல்பெர்ட்டாவில் புதிதாக வில்வேட்டை பழகுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை ஒப்படைக்க வேண்டும். நிற்பது ஒரே அத்தியாயம்: எல்க் மானைக் குரல் கொடுத்து வரவழைக்கும் கருவிகள்.

ஆங்கிலத்தில் கருவியும் 'கால்' (call), அது எழுப்பும் ஒலியும் 'கால்', அந்தச் செயலும் 'கால்'. ஒலிபெயர்த்து விட்டுவிடலாம் என்று பார்த்தால், "காலை வாயில் வைத்து மெதுவாக ஊதவும்" என்று வருகிறது. கணினி மொழிபெயர்ப்பு 'டயஃப்ரம் கால்' என்பதற்கு 'உதரவிதான அழைப்பு' என்று தந்தது. கருவிக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். அத்துடன் டயஃப்ரம், ரீட், பியூகிள் (ஆண் எல்க்கின் கூவல்) மூன்றுக்கும் சொல் தந்து உதவுங்கள்.

மரபியலார் எழுதியது:

விலங்கின் பெயரிலேயே பிழை இருக்கிறது. எல்க் என்ற ஒலிபெயர்ப்பு எதற்கு? மரை என்ற சொல் இருக்கிறதே. தொல்காப்பிய மரபியல் அதற்கு ஆண்பாற்பெயர் ஒருத்தல் என்கிறது. பெண்ணுக்கு "பெற்றமும் எருமையும் மரையும் ஆவே" என்று தனி நூற்பாவே உண்டு. ஆகவே பெண் எல்க் 'மரையா' (மரை + ஆ). குட்டிக்கு மறி என்பதா கன்று என்பதா என்பதைத் தனியே பேசலாம்.

கருவிக்கு வருகிறேன். பறவையும் விலங்கும் தன் துணையைக் கூவி அழைப்பதற்குப் பழந்தமிழில் பயிர்தல் என்று பெயர். பெடையைப் பயிரும் சேவலைச் சங்கப் பாட்டில் படிக்காதவர் இந்தக் குழுவில் இருக்கமாட்டார். வேடன் ஊதும் கருவியும் அதையே செய்கிறது. பயிர்க்குழல் என்று வையுங்கள். ஈராயிரம் ஆண்டாக நம் கையில் இருக்கும் சொல்.

கீற்று எழுதியது:

ஐயா, பயிர்க்குழல் என்றால் படிப்பவர் சொட்டுநீர்ப் பாசனம் என்றே நினைப்பார். அடுத்த பக்கத்தில் 'பயிர்க்குழலை உமிழ்நீரில் நனைக்கவும்' என்று வேறு வரும்.

வடலி எழுதியது:

மரை கூடவே கூடாது. எங்கட பக்கம் மரை எண்டால் இப்பவும் காட்டில திரியிற விலங்கு. தமிழ்நாட்டில் கடமான், தெற்கே மிளா எண்டு சொல்லுற அதே சம்பார் மான். போதாக்குறைக்கு வெள்ளைக்காரர் இலங்கையில் அதைத்தான் எல்க் எண்டு சுட்டுத் தள்ளினவர்கள். ஐரோப்பாவில் எல்க் எண்டால் வட அமெரிக்காவின் மூஸ். ராக்கி மலையின் எல்க் இது இரண்டும் இல்லை. சம்பாருக்கு ஓரளவு உறவு, மூஸுக்கு வெகு தூரம். அதே கையேட்டில் மூஸுக்கும் ஒரு அத்தியாயம் இருக்கும், உரிமம் வேறு, பருவம் வேறு. பெயர் மயங்கினால் ஆள் பிழையான மிருகத்தைச் சுட்டுப்போட்டு அபராதம் கட்டுவார்.

ஒலிபெயர்ப்புப் பிடிக்காவிட்டால் வாப்பிட்டி எண்டு போடலாம். வட அமெரிக்கப் பழங்குடியான ஷானி மக்களின் சொல், 'வெண்பிட்டம்' எண்டு பொருள். ஆனால் அதுவும் தமிழ் இல்லைத்தானே.

பனிக்காடு எழுதியது:

பெயர் வைக்கும் முன் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுவோம். புதியவர் கடையில் காண்பது நான்கு.

முதலாவது அமுக்குவது. ரப்பர்த் துருத்தியை அழுத்தினால் பெண் எல்க்கின் குரல் வரும். பழக்கமே வேண்டாம். ஆனால் வருவது ஏறக்குறைய ஒரே குரல்தான். வில்லை இழுத்துப் பிடித்திருக்கும்போது அமுக்கக் கை மிஞ்சாது. வேட்டையாளர் நெருக்கும் பொதுக்காடுகளில் இதைக் கேட்டுச் சலித்து விலகிப்போகும் மான்களும் உண்டு. (இவ்வகையில் பேர்போன ஒன்றுக்கு 'ஹூச்சி மாமா' என்று பெயர். அதை மட்டும் தமிழாக்க வேண்டாம்.)

இரண்டாவது கவ்வி ஊதுவது. பிளாஸ்டிக் தட்டின்மேல் மெல்லிய மைலார் நாக்கு ஒன்று படிந்திருக்கும். இறுக்கிக் கவ்வித் தொடங்கி, ஊதியபடியே பிடியைத் தளர்த்தினால் குரல் மேலிருந்து கீழே சரியும். பெண் எல்க்கின் குரல் அதுவே. அரைநாளில் பிடிபடும். இதற்கும் ஒரு கை வேண்டும்.

மூன்றாவது சுவடி கேட்ட டயஃப்ரம். குதிரைலாட வடிவில் ஓர் அலுமினியச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய லேடெக்ஸ் சவ்வு, சுற்றிலும் ஒட்டுப்பட்டை. முழுவதும் வாய்க்குள் இருப்பதால் இரண்டு கையும் வில்லுக்கு. ஆண் குரல், பெண் குரல், கன்றின் குரல் மூன்றும் இதிலேயே வரும். கற்பதற்குக் கடினமும் இதுவே.

நான்காவது குழாய். அது தனியே கத்தாது. வாய்க்குள் இருப்பதன் ஒலிக்குக் கனமும் தூரமும் கொடுக்கும். எனவே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகக் 'குழல்' வராது. நான்கில் ஒன்றுதான் குழல்.

கீற்று எழுதியது:

ரீட் என்பதற்குப் பல அகராதிகள் நாணல் என்று போட்டுவிடுகின்றன. நாகசுரக்காரர் வாயில் வைப்பதற்கு என்ன பெயர்? சீவாளி. ஊதினால் அதிர்ந்து ஒலி தரும் நாக்கு. அதையே எடுத்துக்கொள்ளலாமே. கவ்வி ஊதுவது கடிசீவாளி, வாய்க்குள் வைப்பது சவ்வுச் சீவாளி. ஒற்றை, இரட்டை, மூன்றடுக்கு என்று அடைமொழி சேர்ப்பதும் எளிது.

மரபியலார் எழுதியது:

சீவாளிக்கு எதிர்ப்பில்லை. ஆனால் அது 'ஜீவாளி' என்ற வடசொல்லின் திரிபு, உயிர் தருவது என்று பொருள் சொல்வார் உண்டு. சீவிச் செய்வதால் சீவாளி என்பாரும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. சீவு, சீப்பு, சீவல்...

கீற்று எழுதியது:

ஐயா, திங்கட்கிழமை.

சுவடி எழுதியது:

சீவாளியை எடுத்துக்கொண்டேன். நன்றி. பனிக்காடு அண்ணா, சவ்வுச் சீவாளியை வாயில் வைக்கும் பத்தி மூலத்தில் மொட்டையாக இருக்கிறது. செயலை ஒழுங்காக எழுதினால் வினைச்சொற்களாவது கிடைக்கும்.

பனிக்காடு எழுதியது:

லாடத்தின் திறந்த பக்கம், அதாவது சவ்வின் நேர்விளிம்பு, முன்பற்களை நோக்கி இருக்கவேண்டும். வளைந்த பக்கம் தொண்டைப் பக்கம். சட்டத்தை நாக்கால் மேலண்ணத்தோடு அணைத்து, பக்கவாட்டில் காற்று கசியாமல் பொருத்த வேண்டும். கசிந்தால் அளவு சரியில்லை. பட்டை அகலமாக இருந்தால் சிறு கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கலாம், குறுகலாக இருந்தால் வேறு வாங்குவதே வழி. குமட்டல் வந்தால் பெரும்பாலும் மிகப் பின்னால் வைத்திருப்பார்கள். ஊதும்முன் சற்று நேரம் வாயில் ஊறவிட்டால் சவ்வு இளகும்.

காற்று கன்னத்திலிருந்து வரக்கூடாது, அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். கண்ணாடியில் ஆவி படிய 'ஹா' என்று ஊதுவது போல. நாக்கு சவ்வை மெல்லத் தொட வேண்டும். வெறும் 'உஸ்' வந்தால் நாக்கின் அழுத்தம் போதவில்லை. ஒன்றுமே வராமல் அடைத்தால் அழுத்தம் மிகை. முதலில் ஒரே சுரத்தை ஆடாமல் சில வினாடி நிறுத்தப் பழகவேண்டும். அதற்கு முன்னால் மானைப் போலக் கத்தப் போகிறவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள். சுரம் நின்றபின் உயரத்தில் தொடங்கித் தாடையைத் தளர்த்தி இறக்கினால் பெண் எல்க், ஏறத்தாழ ஒரு வினாடி. இன்னும் குறுக்கி உயர்த்தினால் கன்று. ஆண் குரல் இதற்கு நேர்மாறு: தாழத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, உச்சியில் நிறுத்தி, இறக்கி, முடிவில் வயிற்றிலிருந்து நாலைந்து உறுமல்.

புதியவர் ஒற்றைச் சவ்வு, மெல்லிய லேடெக்ஸ், அதிகம் இழுத்துக் கட்டாதது வாங்கட்டும். மூன்றடுக்கு வாங்கினால் ஆண் குரல் முழங்கும் என்று கடைக்காரர் சொல்வது உண்மையே; அதற்கு வேண்டிய மூச்சு தொடக்கத்தில் இருக்காது. பயன்படுத்தியபின் கழுவி உலர்த்தி, அடுக்குகள் ஒட்டிக்கொள்ளாமல் இடையே பல்குச்சி செருகி, வெயில் படாமல் வைக்க வேண்டும்.

வடலி எழுதியது:

பியூகிளுக்கு எக்காளம் சரிதானே? பைபிளில் படிச்ச சொல், எல்லாருக்கும் விளங்கும்.

மரபியலார் எழுதியது:

'எக்காளமிட்டது' என்றால் இன்று ஏளனமாகச் சிரித்தது என்று பொருள். வீளை என்ற சொல்லைப் பாருங்கள். அகநானூற்றில் இடையன் கோலூன்றி நின்று விடும் "மடிவிடு வீளை" நாவை மடித்து விடும் சீழ்க்கை. சவ்வு வைத்து நாக்கால் எழுப்பும் ஒலிக்கு இதைவிடப் பொருத்தம் எது?

பனிக்காடு எழுதியது:

இந்த ஒருமுறை ஐயாவோடு நிற்கிறேன். அந்தக் குரலில் இரண்டு ஒலி சேர்ந்தே வருகிறது. உச்சத்தில் 4000 ஹெர்ட்ஸ் வரை போகும் சீழ்க்கை ஒன்று. அதே வேளையில் 150 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் உறுமல். ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்து அளந்திருக்கிறார்கள். தொலைவில் நமக்குக் கேட்பது சீழ்க்கைதான். ஆகவே வீளை பொருந்தும். இடமறி வீளை, அறைகூவல் வீளை என்று பிரிக்கவும் வசதி. அந்தப் பிரிவு முக்கியம்: காலையில் 'யாராவது இருக்கிறீர்களா' என்று தேட உறுமல் இல்லாத எளிய வீளை, சண்டைக்கு இழுக்கும் கரகரத்த வீளை கூட்டத்தோடு நிற்கும் பெரிய ஆணிடம், அதுவும் மிக நெருங்கியபின்தான். புதியவர் எடுத்த எடுப்பில் அறைகூவினால் இளம் ஆண்கள் ஓடிவிடும். பெரியது பெண்களை ஓட்டிக்கொண்டு மலையேறிவிடும்.

கீற்று எழுதியது:

சரி, பொதுப்பெயர்? அழைப்பான் என்றால் வாசல்மணி நினைவுக்கு வருகிறது. குரலி என்பது பாடகி போல இருக்கிறது. விளிப்பான்?

மரபியலார் எழுதியது:

விளித்தல் அழைத்தல், விளிதல் இறத்தல். "விளிந்தாரின் வேறல்லர்" என்று குறளில் வருவது செத்தாரை. வேட்டைக்கருவிக்கு நயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பயிர்க்குழலை விடமாட்டேன். குழல் உறுத்தினால் பயிர்கருவி. இன்னொன்றும் சொல்கிறேன்: மானைக் காட்டி மானைப் பிடிக்க வேடர் கட்டிவைத்த மானுக்குப் பார்வை என்று பெயர். புறநானூறு 320இல் வரும் "பார்வை மடப்பிணை" அது. குரலால் ஏய்ப்பதைக் குரற்பார்வை என்றால்?

வடலி எழுதியது:

கண்ணாஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கு, ஐயா.

பனிக்காடு எழுதியது:

எல்க் வேட்டையிலும் பொம்மைமானை நிறுத்துவார்கள், அங்கே வேண்டுமானால் 'பார்வை' வரட்டும். அதன் தேவை உண்மையானது: குரல் வந்த இடத்தில் பெண்மானைக் காணாவிட்டால் ஆண் எட்டத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் விளிப்பவர் வில்லாளிக்கு 40 முதல் 60 கஜம் பின்னால் இருக்கவேண்டும். விளிப்பவரைத் தேடி வருகிற மான் வில்லாளியின் முன்னால் நிற்கும். கடைசியில் காற்றின் கீழ்ப்பக்கமாகச் சுற்றி மோப்பம் பிடிக்கப் பார்க்கும் என்பதால் வில்லாளி அந்தப் பக்கம் சற்று ஒதுங்கி நிற்கவேண்டும். பொதுவாக அதிகாலையில் காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறினால் மேலே ஏறும். குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மனித வாடை பட்டால் முடிந்தது.

மின்கருவியில் பதிவை ஒலிக்கவிடுவது பல இடங்களில் எல்க் வேட்டைக்குத் தடை. விளிப்பான் என்ற சொல்லுக்குள் அதுவும் அடங்கிவிடாமல் ஒரு வரி எழுதுங்கள், சுவடி.

சுவடி எழுதியது:

ஞாயிறு இரவு. இப்படி அனுப்புகிறேன்: விலங்கு எல்க். கருவி விளிப்பான், ஒலி விளி. ரீட் சீவாளி, டயஃப்ரம் சவ்வுச் சீவாளி, பியூகிள் வீளை. 'கௌ கால்' பெண்விளி என்று போட்டிருக்கிறேன். பிணைவிளி அழகாக இருந்தாலும் ஜாமீன் நினைவு வருகிறது என்று கீற்று தனியே எழுதினார். தடை பற்றிய வரியும் சேர்ந்துவிட்டது.

மரபியலார் எழுதியது:

என் எதிர்வாக்கு பதிவில் இருக்கட்டும். பயிர்தல் செத்த சொல் அன்று, நாம் பயன்படுத்தாத சொல். மரையா பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

பனிக்காடு எழுதியது:

சுவடி, இணைப்பில் இருக்கும் இரண்டாம் படத்தைத் திருப்புங்கள். சவ்வின் நேர்விளிம்பு தொண்டையைப் பார்த்து இருக்கிறது.