சோறு இருக்கிறது, கறிக்குத்தான் வழியில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாரைப் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலும் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். என்ன சாப்பிட்டீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடிப் பாட்டியிடம் அப்படிக் கேட்டபோது, "சோறும் கிச்சாப்பும்தாம்மா" என்றார், அதாவது சோயா சாஸ் ஊற்றிய வெறும் சோறு. இன்றைக்கு மட்டுமா என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை அவருக்கு இந்த நிலை இல்லை. லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை, பசலை, நாலு கோழி. சம்பளம் குறைவுதான், ஆனாலும் கறிச்சட்டி காலியாக இருந்ததில்லை. பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள். அப்புறம் அந்த வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மாடி வீட்டில் கீரை எங்கே போடுவது? தோட்டத்தை விட்டு வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது வேலை போனதைச் சொல்கிறோம், வீடு போனதைச் சொல்கிறோம். அந்தக் கொல்லைப்புறம் போனதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரசாங்க உதவி இல்லாமல் இல்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கான எஸ்டிஆர் ரொக்கம் ஒரு பக்கம், அடிப்படைச் சாமான் வாங்க உதவும் 'சாரா' ஒரு பக்கம். சாரா காசாகக் கைக்கு வராது. ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணின் பேரில் ஏறும். திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடையில் அந்த அட்டையை, மைகாட்டை, செருகி அரிசி, மாவு, எண்ணெய், முட்டை, சாடின் மீன் டின், சவர்க்காரம் என்று வாங்கிக்கொள்ளலாம். முன்பு இ-காசே என்கிற அரசாங்கப் பட்டியலில் இருக்கும் ஏழைகளுக்கு மட்டும்தான் இது கிடைத்தது. 2025 ஏப்ரலிலிருந்து எஸ்டிஆர் வாங்குகிற 54 லட்சம் பேருக்கு விரித்தார்கள்.

பாட்டியின் பெயரும் பட்டியலில் இருந்தது, அவருக்குத்தான் தெரியாது. மகன் ஜொகூரில் வேலை செய்கிறார், பாட்டியிடம் கைப்பேசி இல்லை. கேட்டு வாங்குகிற ஆளும் இல்லை அவர். 2021 கோவிட் காலத்தில் கஷ்டப்படுகிறவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டச் சொன்னார்களே, அப்போதும் அவர் கட்டவில்லை. அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்ற பயம். என் கைப்பேசியில் ஐசி எண்ணைத் தட்டிப் பார்த்துச் சொன்னபோதுகூட வேறு யாருக்காவது வந்த பணமாக இருக்கும் என்றார்.

சரி, வாங்க பாட்டி என்று கடைக்கு அழைத்துப் போனால் அட்டையின் சிப் வேலை செய்யவில்லை. மாற்றுவதற்குப் பதிவு இலாகாவுக்குப் போனோம். அங்கே கட்டைவிரலை வைத்தால் ரேகை விழவில்லை. காலமெல்லாம் மரம் சீவி, பால் தூக்கி, ஆசிட் தொட்ட விரல். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் முகம் சுளிக்கவில்லை. "சபார் யா, மாச்சிக்" (பொறுமையா இருங்கம்மா) என்று சொல்லி ஈரத்தாளால் விரலைத் துடைத்தார், அழுத்தினார், லேசாக உருட்டி வைத்தார், காயவிட்டு மறுபடி வைத்தார். கடைசியில் இடது கை விரல்தான் பிடித்தது. அந்தப் பெண் மட்டும் 'இன்னொரு நாள் வாங்க' என்று அனுப்பியிருந்தால் பாட்டி திரும்பப் போயிருக்கவே மாட்டார்.

கடையில் பாட்டி முதலில் எடுத்தது முட்டை. தட்டைத் தூக்கி ஒவ்வொன்றாகத் தொட்டு, விரிசல் பார்த்து வைத்தார். அப்புறம் சாடின். அரிசியை நான்தான் எடுத்து வைத்தேன். கல்லாவில், "இத எப்போம்மா திருப்பிக் கட்டணும்?" என்று என் காதோடு கேட்டார். கட்ட வேண்டாம், இது உங்களுக்கு உரியது என்று சொல்லியும் நம்பிக்கை வரவில்லை. தோட்டத்துக் கணக்கர், கிராணி, பிடித்தது போக மிச்சத்தைக் கைநீட்டி வாங்கியே பழகியவர். சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகைக்கும் மனுப் போட்டிருக்கிறோம். 2025இல் அது 500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 600 ஆனது.

எந்தப் பட்டியலிலும் வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். கீழ் வீட்டில் ஓர் அம்மா, கணவர் இறந்துவிட்டார். இதே வட்டாரத் தோட்டத்தில் பிறந்தவர்தான், ஆனால் அவருக்கு யாரும் பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. கையில் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அட்டை. எஸ்டிஆர், சாரா இரண்டும் குடிமக்களுக்குத்தான். சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறார், மீந்ததைக் கட்டிக்கொண்டு வருகிறார். வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பாடு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு வேளை கிடைக்கிறது. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே உழைத்தவருக்கு ஒரு பை அரிசி கொடுக்க அட்டையின் நிறம் தடையாக இருக்கக் கூடாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்கள் பக்கம் எப்படி? பார்த்ததை எழுதுங்கள்.

---

தங்கச்சி, நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் ஒரு வேளை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆர்எம்டி என்கிற கூடுதல் உணவுத் திட்டம் 1979இல் தொடங்கியது. மீகூன், அவித்த முட்டை, ஒரு பழம், இப்படி ஏதாவது. திங்கட்கிழமை காலையில் தட்டு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று பார்த்தாலே சனி ஞாயிறு வீட்டில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். நீண்ட விடுமுறை வந்தால் எனக்குக் கவலைதான்.

பாரத்தைப் பூர்த்தி செய்வதில்தான் பெரிய பாடு. வருமானம் எவ்வளவு என்று எழுதி, சம்பளச் சீட்டை இணைக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டும் காண்ட்ராக்ட் ஆளுக்குச் சீட்டு எங்கே இருக்கிறது? டன் கணக்கில் காசு, மழை பெய்தால் அதுவும் இல்லை. பெங்ஹுலு என்கிற வட்டாரத் தலைவரிடம் உறுதிக் கடிதம் வாங்கலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் வரவில்லை. பிள்ளையை "ஏழைப் பிள்ளை" என்று தனியாகக் கூப்பிடுவார்களாம். அதனால் என் வகுப்பில் யார் பெயரையும் உரக்க வாசிக்கவிடவில்லை. எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், வீட்டிலிருந்து கொண்டு வந்தவன் பக்கத்தில் ஆர்எம்டி தட்டு.

வேலைக்குப் போயும் பசி ஏன் வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2022இல் ஒரு குடும்பத்துக்கான வறுமைக் கோடு மாதம் 2,589 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700. ஒருவர் சம்பாதித்து நாலைந்து பேர் சாப்பிடும் வீடு, அவர் ஒரு நாள்கூட லீவு போடாவிட்டாலும், கோட்டுக்குக் கீழேதான்.

---

அக்கா, சார், நான் டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து கடன் எழுதுவது 555 என்கிற சிறு நோட்டுப் புத்தகத்தில்தான். அதைப் புரட்டினால் ஊர் நிலவரம் தெரியும்.

2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1ஆம் தேதி இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆனது. உள்நாட்டு அரிசிக்கு 10 கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலை, அதனால் எல்லாரும் அதற்கு ஓடினார்கள். கொஞ்ச நாளில் அது அலமாரியில் இல்லாமல் போனது. அந்த மாதங்களில், முன்பு பை பையாக வாங்கியவர்கள் பெயருக்கு நேராக 'அரிசி 1 கிலோ', 'அரிசி 2 கிலோ' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

சாரா வந்த பிறகு அரிசி, எண்ணெய்க் கடன் நன்றாகவே குறைந்தது. அதை மறைக்கக் கூடாது, பெரிய உதவி. ஆனால் வெங்காயம், நெத்திலி, கோழி, மீன் கடன் குறையவில்லை. எங்கள் கடையில் பார்கோடு உள்ள சாமானைத்தான் சாராவில் போட முடிகிறது, எடை போட்டுக் கொடுப்பது ஏறுவதில்லை. பாட்டி ஏன் சோறும் கிச்சாப்பும் சாப்பிட்டார் என்பதற்கு இதிலும் பாதிப் பதில் இருக்கிறது. கீரையும் மீனும் வாங்க வழி செய்தால் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும்.

அக்கா, அந்தக் கீழ் வீட்டு அம்மாவை என் கடைக்கு அழைத்து வாருங்கள். சிவப்பு ஐசி விவகாரம் பார்க்கிற வழக்கறிஞர் ஒருவரை எனக்குத் தெரியும், காசு வாங்கமாட்டார். பள்ளிச் சான்றிதழ், தோட்டத்து மருந்தகச் சீட்டு, அப்பா அம்மா ஐசி நகல், எது கிடைத்தாலும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாள் காலை 7 மணிக்கே திறந்துவிடுவேன்.