ஜிசி8க்கு கிளச் மாத்தோணும்: ஓர்கானிக்கா செராமிக்கா?

உப்புவெளி_ஜிசி8:
வணக்கம். என்ர வண்டி சுபாரு இம்ப்ரெசா ஜிசி8 எஸ்டிஐ வேர்ஷன் 5, ஸ்டொக்கிலயே 280 பிஎஸ், டொர்க் 36 கிலோகிராம் மீட்டர். இப்ப எக்ஸோஸ்ட் மாத்தி ட்யூனும் செய்து பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) கொஞ்சம் கூட்டியிருக்கு. கந்தளாய் ரோட்டில 4ம் கியர்ல 3500க்கு மேல அமத்தினா ஆர்பிஎம் ஊசி மட்டும் சட்டெண்டு ஏறுது, வண்டி ஏறுதில்ல, பிறகு கருகின மணம். கராஜில செராமிக் 6 பக் (ஆறு செராமிக் துண்டு பதிச்ச கிளச் பிளேட்) போடு, பிறகு கவலையே இல்ல எண்டு சொல்லுறாங்கள். ஆனா ஒவ்வொரு நாளும் வேலைக்கும் இதிலதான் டவுனுக்கு போறன். என்ன போடலாம்?

கிண்ணியா_டர்போ:
தம்பி கராஜில சொன்னது சரி, செராமிக்கே போடுங்க. ஓர்கானிக் (சாதாரணமா வண்டியில வாற நார் பிளேட்) நல்லா சூடேறிச்செண்டா பிடி விடும், பிடி விட்டா வழுக்கும், வழுக்கினா இன்னும் சூடேறும், கடைசியில மேல்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிரும், அதோட அந்த பிளேட் சரி. செராமிக் அந்த சூட்டிலயும் பிடிக்கும். கியர்பொக்ஸ் இறக்குற கூலி ஒரு பக்கம், சாமானுக்கு கொழும்பில பஞ்சிகாவத்தை முழுக்க அலையோணும் இல்லாட்டி வெளியில இருந்து எடுப்பிக்கோணும், இதை ரெண்டு தரம் செய்ய யாரால ஏலும்? என்ட மிட்சுபிஷி எவோவில செராமிக்தான், ஒரு நாளும் வழுக்கினதில்ல.

ஓர்ஸ்ஹில்_கியர்:
நானா கோவிக்காதீங்க, இதில உங்களோட ஒத்துப்போக ஏலாது. எவோ கியர்பொக்ஸ் வேற, ஜிசி8இன்ர 5 ஸ்பீட் வேற. சுபாருவின்ர இந்த கியர்பொக்ஸ் கூடு நீளப்பாட்டுக்கு ரெண்டு பாதியா செய்து போல்ட் போட்டு இறுக்கினது, டொர்க் கூட வரேக்க கூடு நெகிழும், உள்ள ஷாஃப்ட் ரெண்டும் விலகும், பல்லு முழுசா கொளுவாம நுனியில பாரம் ஏறி உடையும். அதுவும் மெல்ல ஏறுற டொர்க்கை விட ஒரே அடியா வாற டொர்க்குதான் உடைக்கிறது. முன் வீல் வண்டியெண்டா டயர் சுத்தி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இது நாலு வீலும் நிலத்தை பிடிச்சு நிக்கிற வண்டி, இதில விட்டுக்குடுக்க கிளச்சைத் தவிர வேற ஒண்டும் இல்ல, அதையும் டக்கெண்டு கவ்வுற சாமானா போட்டா அடுத்தது 3ம் கியர் பல்லுதான் உதிரும். கிளச் மிஞ்சும், கியர்பொக்ஸ் மிஞ்சாது.

தம்பி ஒண்டை யோசியுங்க. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு கோட்டை வாசலால ஏறுறீங்க, முன்னுக்கு சனம், ஓட்டோ, இடையில மான் குறுக்க நிக்கும், அந்த ஏத்தத்தில அரை கிளச்சில பிடிச்சு அடி அடியா நகரோணும். 6 பக்ல அது நடக்காது. ஒண்டில் வண்டி வெட்டி வெட்டிக் குதிக்கும், இல்லாட்டி ஓஃப் ஆகி நிக்கும்.

சாம்பல்தீவு_அண்ணை:
வாங்க முதல் ஒருக்கா பாருங்கோ, கிராங்கின்ர பின் சீல்ல ஒயில் கசிஞ்சு பிளேட்டில பட்டாலும் இப்பிடித்தான் வழுக்கும். அந்த சீலை மாத்தாம எந்தப் பிளேட்டை போட்டாலும் வீண்காசு. பெடலுக்கு ஃப்ரீ பிளே (கிளச் பிடிபட முதல் பெடல் சும்மா அசையிற இடைவெளி) இருக்கோ எண்டும் பாருங்கோ.

கிண்ணியா_டர்போ:
அண்ணை சொல்லுறது முக்கியம், பாக்கத்தான் வேணும். ஓர்ஸ்ஹில் தம்பி, நீங்க சொல்லுற ஓர்கானிக்கை இந்த டொர்க்குக்கு தாங்க வைக்க என்ன வழி? கிளச் பிளேட்டை அமத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின்ர அமுக்கத்தை கூட்டோணும். அப்ப பெடல் பாரம், கிளச்சை விடுவிக்கிற ரிலீஸ் ஃபோர்க்குக்கு பாரம், பெடலை அமத்துற நேரமெல்லாம் கிராங்கை முன்ன பின்ன அசையாம பிடிக்கிற த்ரஸ்ட் பேரிங்கில பாரம். ஜிசி8ல ஃபோர்க் வெடிச்சதை நான் கண்ணால கண்டிருக்கன். செராமிக்ல உராய்வு கூட, அவ்வளவு அமுக்கம் தேவைப்படாது. ஹப்பில ஸ்பிரிங் வைச்ச டிஸ்க்கா எடுத்தா நீங்க பயப்படுற அடியும் குறையும்.

ஓர்ஸ்ஹில்_கியர்:
அது நியாயமான கேள்வி நானா. கிளச் தாங்குற டொர்க் அமுக்கம், உராய்வு, ஆரை, பிடிக்கிற முகம் எத்தினை எண்ட நாலிலதான் தங்கியிருக்கு, ஒண்டைக் கூட்டினா அதுக்கொரு விலை குடுக்கத்தான் வேணும். ஆனா இந்த தம்பிக்கு எவ்வளவு தேவை? அவர்ட ட்யூனுக்கு டொர்க் 40ஐ தாண்டாது எண்டுதான் நான் நினைக்கிறன், டைனோ (பவர், டொர்க் அளக்கிற மெஷின்) பேப்பர் இருந்தா போடுங்க. 40க்கு 48 தாங்குற செட் காணும், அதுக்கு அமுக்கம் பயங்கரமா கூடத் தேவையில்ல. 70 தாங்குற செட் வாங்கி அந்த மிச்சத்தை என்ன செய்யிறது? ஸ்பிரிங் ஹப் கொஞ்சம் உதவும், ஆனா ஸ்பிரிங் முழுசா அமுங்கின பிறகு அடி அடிதான்.

இன்னொண்டு, ஸ்டேஜ் நம்பரைப் பாத்து வாங்காதீங்க, அதுக்கு பொது அளவு ஒண்டும் இல்ல. எக்செடியில ஸ்டேஜ் 1 ஓர்கானிக், ஸ்டேஜ் 2 செராமிக், வேற கொம்பனியில அப்பிடி இராது. எத்தினை டொர்க் தாங்கும் எண்டு எழுதியிருக்கிறதை மட்டும் பாருங்க.

உப்புவெளி_ஜிசி8:
டைனோவில 39 வந்தது. ட்வின் பிளேட் (ரெண்டு பிளேட் வைச்ச கிளச்) எப்பிடி?

ஓர்ஸ்ஹில்_கியர்:
ட்வின்ல முகம் ரெண்டு மடங்கு, அதால அதே அமுக்கத்துக்கு ரெண்டு மடங்கு தாங்கும், பெடலும் பாரமில்ல. ஆனா விலை எங்கயோ, ஐட்லில சத்தமும் போடும். 39க்கு அது தேவையே இல்ல.

கிண்ணியா_டர்போ:
39 எண்டா சரி, ஓர்கானிக் போட்டு ஓடலாம் எண்டு ஒத்துக்கொள்ளுறன். ஆனா பெரிய டர்போ போடுற யோசனை இருந்தா, இல்ல நுவரெலியா மகாகஸ்தோட்ட ஹில்கிளைம் (மலை ஏத்தப் பந்தயம்) பக்கம் போற எண்ணம் இருந்தா, இப்பவே செராமிக்தான், அதில நான் மாறமாட்டன். அங்க தொடக்கத்தில ஆர்பிஎம்மை ஏத்தி விடேக்க ஓர்கானிக் கருகிப் போகும்.

உப்புவெளி_ஜிசி8:
பெரிய டர்போ இப்போதைக்கு இல்ல நானா. அப்ப ஓர்கானிக்கும் கொஞ்சம் பாரமான பிரஷர் பிளேட்டும் எடுக்கிறன். கராஜில என்ன சொல்லி விடுறது?

ஓர்ஸ்ஹில்_கியர்:
பிளைவீலை (எஞ்சினோட சுத்துற பாரச் சக்கரம்) கட்டாயம் கடைஞ்செடுக்கச் சொல்லுங்க, நீலமா சூட்டுப்புள்ளி இருக்கிற முகத்தில புதுப் பிளேட் ஒழுங்கா பதியாது. லைட் பிளைவீல் போடச் சொன்னா வேண்டாம் எண்டுங்க, டவுன் ஓட்டத்துக்கு அது தொல்லை. ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின் சீல் எல்லாம் புதுசு, ஃபோர்க்கில கீறல் இருக்கோ எண்டு டோர்ச் அடிச்சுப் பாக்கோணும். இது புல் டைப் (பேரிங்கை இழுத்து விடுவிக்கிற கிளச்), பேரிங் பிரஷர் பிளேட்டில கொளுவி நிக்கும், அதால ஃபோர்க் ஷாஃப்ட்டை முதல் இழுத்து எடுத்திட்டுத்தான் கியர்பொக்ஸை பிரிக்கோணும், சுபாரு பழக்கமில்லாத ஆக்கள் இது தெரியாம நெம்பி ஃபோர்க்கை வளைச்சுப்போடுவாங்கள், நீங்க கிட்ட நிண்டு பாருங்க. பூட்டின பிறகு 800 கிலோமீட்டருக்கு டவுனுக்குள்ளயே ஓடுங்க, பூஸ்ட் ஏத்தாதீங்க.

சாம்பல்தீவு_அண்ணை:
கிளச் ஒயிலையும் மாத்துங்கோ தம்பி, அது ஈரத்தை இழுக்கும், எங்கட கடற்கரைக் காத்துக்கு சொல்லவே வேணாம்.